எங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கு வந்த நோய்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எங்கள் ஆச்சி அடிக்கடி சொல்வார்கள். ஆற்றையும் கிணற்றையும் மனத்தில் வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். கணிப்பொறிக்கும் ஆழம் உண்டு என்பதை 2025-ஆம் ஆண்டு காலாண்டுத் தேர்வு விடுமுறையில்தான் கண்டுகொண்டோம்.

நாங்கள் என்றால் அக்காவும் தங்கையும். ஒருத்தி பத்தாம் வகுப்பு, மற்றவள் எட்டாம் வகுப்பு. எந்த இடத்தில் யார் தவறு செய்தாள் என்று பிரித்துச் சொன்னால் வீட்டில் மறுபடியும் சண்டை மூளும். ஆகையால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் பெரியவள், சின்னவள் என்று வரும்.

அந்தக் கணிப்பொறி எங்கள் வீட்டுக்கு வந்தது 2020-இல். கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடி, பாடமெல்லாம் இணையம் வழியாக நடந்த காலம். ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட்டதை அப்பா குறைந்த விலைக்கு வாங்கி வந்தார்கள். அதில் இருப்பது விண்டோஸ் 10. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ப் பல் விளக்கி வந்தால் அப்போதுதான் கண் விழித்திருக்கும். அவ்வளவு நிதானம்! ஆனாலும் எங்கள் குடும்பத்துச் சொத்தெல்லாம் அதற்குள்தான். அம்மா எங்கள் அன்பியத்தின் செயலாளர். சந்தாக் கணக்கு அதில் இருக்கிறது. எங்கள் புதுநன்மைப் படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக ஆச்சியின் குரல் இருக்கிறது.

ஆச்சி 2024 அக்டோபரில் இறைவனடி சேர்ந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டுத் தவக்காலத்தில், ஒரு நாள் மாலை ஆச்சி வீட்டில் ஜெபமாலை சொன்னதை அம்மாவின் கைப்பேசியில் பதிவு செய்தோம். மொத்தம் 41 நிமிடம். ஐந்து தேவ இரகசியங்களும், மாதா மன்றாட்டுமாலையும், இடையிடையே ஆச்சியின் இருமலும் அதில் உண்டு. மூன்றாம் தேவ இரகசியத்தின் நடுவில் ஆச்சி செபத்தை நிறுத்திவிட்டு, "ஏட்டி, அடுப்பப் பாரு, பாலு பொங்குது!" என்று எங்களை அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒரு சொல்லும் தவறாமல் தொடர்வார்கள். அந்தக் கைப்பேசி பின்னர் வாளித் தண்ணீரில் விழுந்து செத்துப்போயிற்று. நல்ல வேளையாக அதற்கு முன்பே பதிவைக் கணிப்பொறிக்கு மாற்றியிருந்தோம். ஆச்சியின் குரலுக்கு உலகத்தில் அந்த ஒரே பிரதிதான்.

அக்டோபரில் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. திருப்பலி முடிந்து உறவினர் அனைவரும் வீட்டுக்கு வரும்போது ஆச்சியின் ஜெபமாலையை ஒலிக்கச் செய்து எல்லாரையும் வியக்க வைக்க வேண்டும் என்பது எங்கள் இரகசியத் திட்டம். பென் டிரைவ் சொருகும் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று அப்பாவிடம் இருக்கிறது. ஆனால் அது எம்.பி.3 வகைப் பாட்டைத்தான் பாடும். ஆச்சியின் பதிவோ எம்.4.ஏ என்ற வேறு வகை. ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஒரு மென்பொருள் வேண்டும். வியாழக்கிழமை மதியம், அப்பா வேலைக்கும் அம்மா கடைத்தெருவுக்கும் போயிருந்த நேரம், இலவசமாக ஏதும் கிடைக்குமா என்று தேடினோம்.

கிடைக்காமலா போகும்! திறந்த பக்கத்தில் 'டவுன்லோட்' என்ற பொத்தான்கள் மூன்று இருந்தன. இருப்பதிலேயே பெரியதாக, பச்சையாக, மின்னிக்கொண்டிருந்த பொத்தானை அழுத்தினோம். அது விளம்பரம் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. இறங்கி வந்ததைத் திறந்தோம். எக்ஸ்பிரஸ், கஸ்டம் என்று இரண்டு வழி காட்டியது. எக்ஸ்பிரஸ் என்றால் நெல்லை எக்ஸ்பிரஸ் போல நல்லதாகத்தான் இருக்கும் என்று அதைத் தொட்டோம். பிறகு 'அடுத்து, அடுத்து, சம்மதம், அடுத்து'. எதையும் வாசிக்கவில்லை. கஸ்டம் என்ற வழியில் போயிருந்தால், நாங்கள் கேட்காத வேறு சில மென்பொருள்களுக்கு ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருந்த சின்னக் கட்டங்கள் கண்ணில் பட்டிருக்கும், நீக்கியிருக்கலாம். அப்படி ஒட்டி அனுப்புகிறவர்களுக்கு, ஒவ்வொரு கணிப்பொறியில் ஏறும்போதும் காசு உண்டாம். இலவசத்தின் விலை அதுதான் போலும்.

மாலைக்குள் கணிப்பொறி வேறு ஆளாகிவிட்டது. உலாவியைத் திறந்தால் கூகுள் வருவதற்குப் பதில் பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கம் வந்தது. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் மேலும் கீழும் விளம்பரங்கள். அவற்றில் சில, இந்த மலரில் எழுதத் தகாதவை. இத்தனைக்கும் நடுவில் துப்புரவு செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஒரு மென்பொருள் தானாக எழுந்து, உங்கள் கணிப்பொறியில் நூற்றுக்கணக்கான பிழைகள் உள்ளன, பணம் கட்டினால் சரி செய்கிறோம் என்று சிவப்பு எழுத்தில் மிரட்டியது. நாங்கள் நடுங்கிப்போனோம். இதை அப்பா பார்த்தால் என்ன ஆகும்!

வெள்ளிக்கிழமை காலை, வந்தவற்றை வெளியேற்றும் வேலையில் இறங்கினோம். கண்ட்ரோல் பேனலில் மென்பொருள்களை நீக்கும் பகுதிக்குப் போய், புதிதாகத் தெரிந்த மூன்றை நீக்கினோம். நீக்கும்போது "நிச்சயமாகப் போகச் சொல்கிறீர்களா?" என்று அழுமூஞ்சிப் படத்தோடு கேட்டது ஒன்று. துப்புரவுக்காரன் மட்டும் எளிதில் போகவில்லை. அதன் ஃபோல்டரைத் தேடிப் பிடித்துக் கையாலேயே அழித்து, குப்பைக் கூடையையும் காலி செய்தாள் சின்னவள். இதைப் பெரியவளிடம்கூட அவள் சொல்லவில்லை. பிறகு கணிப்பொறியை அணைத்துத் திறந்தோம். விளம்பரம் இல்லை, மிரட்டல் இல்லை. நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். சிரிப்பு ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

முதலில், 'குறிப்பிட்ட மாட்யூலைக் காண இயலவில்லை' என்று ஒரு சின்னக் கட்டம் தோன்றியது. அதை மூடிவிட்டு உலாவியைத் திறந்தால் எந்தப் பக்கமும் வரவில்லை. பிராக்ஸி சர்வருடன் இணைய முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. மோடத்தை அணைத்துப் போட்டோம். கம்பியைப் பிடுங்கிச் சொருகினோம். அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தியும் நேர்ந்துகொண்டோம். ஒன்றும் நடக்கவில்லை.

அன்று மாலை அப்பாவுக்கு அவசர வேலை இருந்தது. ஆச்சியின் நினைவு அட்டை கணிப்பொறியில் தயாராக இருந்தது. அதை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்பா உட்கார்ந்தார்கள். இணையம் இல்லை.

"என்னட்டி ஆச்சு இதுக்கு?"

"தெரியலப்பா. மத்தியானம் கரண்டு போயிட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் இப்படித்தான் இருக்கு."

மத்தியானம் மின்சாரம் போய் வந்தது உண்மை. அதனால்தான் அந்தப் பொய் எங்கள் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது.

அப்பா இணைப்புக் கொடுத்தவர்களுக்குத் தொலைபேசியில் புகார் செய்தார்கள். கேபிள் அண்ணன் வந்தபோது இடி மின்னலுடன் மழை பிடித்துக்கொண்டது. தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, வெளியே கம்பத்துப் பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே வந்து மோடத்தைப் பார்த்து, தம் கைப்பேசியை எங்கள் வைஃபையில் இணைத்து அப்பாவிடம் காட்டினார்.

"பாருங்க அண்ணாச்சி, என் போன்ல உங்க லைன்ல வீடியோ ஓடுது. லைன்ல குத்தமில்ல. சிஸ்டத்துலதான் ஏதோ ஆயிருக்கு. பிள்ளைங்க எதுவும் புதுசா போட்டிச்சா?"

அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். "போட்டீங்களாட்டி?"

"இல்லப்பா."

இந்தத் தடவை பாதி உண்மைகூட அதில் கிடையாது.

எங்கள் அப்பா எளிதில் கோபப்படுகிறவர்கள் அல்லர். ஆனால் பிள்ளைகள் மேல் பழி போட்டால் பொறுக்க மாட்டார்கள். "மாசம் பொறந்தா பணம் வாங்க மட்டும் கரெக்டா வாரீங்க. வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எம் பிள்ளைங்க மேல ஏன் சாட்டுத?" என்று சத்தம் போட்டார்கள். அந்த அண்ணன் பதில் பேசவில்லை. அவர் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் வட்டமாகத் தேங்கியது. "சரி அண்ணாச்சி, ஆபீஸ்ல சொல்லுதேன்" என்று பையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அம்மா தரையைத் துடைத்தார்கள். அன்று இரவு நாங்கள் இருவரும் ஒரே போர்வைக்குள் படுத்தும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

சனிக்கிழமை, கணிப்பொறி பழுது பார்க்கும் ஒருவரிடம் அப்பா கேட்டார்கள். "ஃபார்மட் அடிச்சிரலாம் அண்ணாச்சி, புதுசு மாதிரி ஆயிரும். செவ்வாய்க்கிழமை கொண்டுவாங்க" என்றாராம் அவர். ஃபார்மட் என்றால் பலகையை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவது. பாடத்தில் படித்திருக்கிறோம். ஆச்சியின் குரலும் பலகையில்தானே இருக்கிறது! பென் டிரைவில் எடுத்து வைக்கலாம் என்றால், நோய் அதற்கும் தொற்றிவிடுமோ என்று பயம். அப்பாவிடம் கேட்கலாம் என்றால், பேச்சு எங்கே போய் முடியும் என்று அதைவிடப் பெரிய பயம்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கன்னியர் மடத்துக்குப் போனோம். கணிப்பொறிப் பாடம் நடத்தும் சிஸ்டர் பார்லரில் இருந்தார்கள். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸின் படத்தை அங்கே புதிதாக மாட்டியிருந்தார்கள். நற்கருணை அற்புதங்களுக்காக ஓர் இணையதளம் செய்தவர். 2006-இல் இறந்தபோது அவருக்கு வயது 15. எங்களில் பெரியவளுக்கும் 15. அந்தப் பையன் கணிப்பொறியை வைத்து என்ன செய்தான், நாங்கள் என்ன செய்து வந்து நிற்கிறோம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டோம்.

சிஸ்டர் கோபிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. முதலில் ஒன்று சொன்னார்கள். "போனால் திரும்பக் கிடைக்காதது எதுவோ, அதை முதலில் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒலிப்பதிவை மட்டும் நகல் எடுத்தால் பயமில்லை. மென்பொருள் எதையும் சேர்த்து எடுக்காதீர்கள். வைத்தியமெல்லாம் அப்புறம்." இவ்வளவு எளிய காரியத்தை மூன்று நாளாக நாங்கள் செய்யாமல் இருந்தோம்!

பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தந்தார்கள். வியாழக்கிழமையிலிருந்து செய்த ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதச் சொன்னார்கள். "நடந்ததை எழுதுங்கள். நீங்கள் நினைத்ததை எழுத வேண்டாம். கணிப்பொறி தானாக ஒன்றும் செய்திருக்காது, பிள்ளைகளே. யாரோ சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கும். யார் என்ன சொன்னார்கள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது."

எழுதினோம். சிஸ்டர் வாசித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்கள்.

"இவ்வளவுதான் சிஸ்டர்."

"இந்த மாட்யூலைக் காணோம் என்ற செய்தி ஏன் வருகிறது என்று இதில் இல்லையே. இருந்த ஒன்று காணாமல் போனால்தானே அப்படிச் சொல்லும்."

சின்னவள் அழத் தொடங்கினாள். ஃபோல்டர் கதை வெளியே வந்தது. பெரியவள் அவள் கையைக் கிள்ளினாள். சிஸ்டர் அதையும் பார்த்துவிட்டார்கள்.

ஒரு மென்பொருளை முறைப்படி நீக்கினால், அது காலையில் தன்னை எழுப்பச் சொல்லி வைத்த கட்டளைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். எல்லா மென்பொருளும் அவ்வளவு நாணயமானவை அல்ல. ஆனாலும் முறை அதுதான். ஃபோல்டரை மட்டும் அழித்தால், ஆள் போய்விட்டான், எழுப்பச் சொன்ன சீட்டு மட்டும் கதவில் ஒட்டியிருக்கிறது. விண்டோஸ் தினமும் அந்தச் சீட்டைப் பார்த்து எழுப்பப் போகிறது. ஆளைக் காணோம் என்று நம்மிடம் வந்து சொல்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. டாஸ்க் ஷெட்யூலர் என்ற இடத்திலோ, தொடக்கத்தில் எழும் நிரல்களின் பட்டியலிலோ அந்தச் சீட்டு இருக்கும். கிழித்துப் போட்டால் போதும்.

நாங்கள் ஆறுதலோடு தாளை மடித்தோம். அப்போதுதான் சிஸ்டர், "இதில் அப்பாவின் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் வேலையைத் தொடங்குங்கள். நாளைக்குத் தாளை எனக்குக் காட்ட வேண்டும்" என்றார்கள்.

மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்குவதைவிடக் கடினமான காரியம் உலகில் உண்டு என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. "சிஸ்டர், நீங்களே சொல்லிக்கொடுத்தால் நாங்கள் சரி செய்து..." என்று இழுத்தோம். சிஸ்டர் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு ஒரு கதை சொன்னார்கள். மேரி கென்னத் கெல்லர் என்று ஓர் அமெரிக்கக் கன்னிகை இருந்தார்கள். கணிப்பொறியியலில் அந்த நாட்டில் முதன்முதலாக டாக்டர் பட்டம் பெற்ற ஓரிருவரில் ஒருவர். 1965-இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில். பின்னர் அயோவா மாநிலத்தில் டுபியூக் நகரில் உள்ள கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி, நெடுங்காலம் நடத்தி, 1985-இல் காலமானார்கள். அந்தக் காலத்துக் கணிப்பொறி ஓர் அறை அளவு. அப்போதும் ஒரு கன்னிகையால் முடிந்தது என்றால், கையெழுத்து வாங்க உங்களால் முடியாதா என்று கேட்டார்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் எழுந்து வந்துவிட்டோம்.

அப்பா சாப்பிட்டு முடித்துச் சாய்வு நாற்காலியில் இருந்தார்கள். தாளை நீட்டினோம். அப்பா மெதுவாக வாசிப்பார்கள், உதடு அசையும். முதல் பக்கம் முடிந்து திருப்பினார்கள். 'அப்பாவிடம் கரண்டு என்று சொன்னோம். கேபிள் அண்ணன் கேட்டபோது இல்லை என்று சொன்னோம்' என்ற வரிகள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. அவற்றை எழுதச் சொல்லி சிஸ்டர் கேட்கவில்லை. வரும் வழியில், கெபி அருகில் நின்று, நாங்களாகவே சேர்த்தோம். கையெழுத்துக் கோணலாக இருந்தது.

அப்பா வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடி விழும் என்று நாங்கள் நின்றோம். அப்பா சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பையன மழையில நிக்க வச்சு ஏசிட்டேனேட்டி."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். எங்கே என்று கேட்க எங்களுக்குத் துணிவில்லை.

அப்பா இல்லாத நேரத்தில் முதல் காரியமாக ஆச்சியின் குரலை இரண்டு பென் டிரைவில் எடுத்தோம். ஒன்று அம்மாவின் நகைப் பெட்டிக்குள் போயிற்று.

திங்கட்கிழமை காலை, அப்பா வேலைக்குக் கிளம்புமுன் எங்களோடு உட்கார்ந்தார்கள். சிஸ்டர் எழுதித் தந்தபடி, கறுப்புத் திரையில் பிங் என்ற கட்டளையைக் கொடுத்தோம். வெளியுலகத்தில் ஓர் எண்ணை நோக்கிக் குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்ப்பது அது. நான்கு முறை கூப்பிட்டது. நான்கு முறையும் பதில் வந்தது. கணிப்பொறி வெளியே போய் வந்துகொண்டுதான் இருக்கிறது, உலாவிக்கு மட்டும் வழி அடைபட்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. "அந்தப் பையன் சொன்னது சரிதான்" என்றார்கள் அப்பா.

அடுத்து, செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியின் பட்டியலில் பிராக்ஸி என்று ஒன்று. திறந்தோம். பிராக்ஸி சர்வரைப் பயன்படுத்து என்ற இடம் 'ஆன்' ஆக இருந்தது. கீழே 127.0.0.1 என்ற எண்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிராக்ஸி என்றால் இடையாள். நம் உலாவி அனுப்புவதும் பெறுவதும் அந்த இடையாளின் கை வழியாகப் போகும். அலுவலகங்களில் நல்ல காரியத்துக்காகவும் அப்படி வைப்பதுண்டு. 127.0.0.1 என்பது எந்தக் கணிப்பொறிக்கும் தன்னையே குறிக்கும் முகவரி. நம் வீட்டை நாமே 'இங்கே' என்று சொல்லிக்கொள்வது போல. அந்த விளம்பரக்காரன் எங்கள் கணிப்பொறிக்குள்ளேயே குடியேறி, போகிற வருகிற தபாலெல்லாம் தன் கைக்கு வரும்படி தபால்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறான். பிரித்துப் பார்த்து, உள்ளே விளம்பரத் துண்டைச் செருகி, மறுபடி ஒட்டி எங்களிடம் தந்திருக்கிறான். நாங்கள் அவனை விரட்டிவிட்டோம். தபால்காரருக்கு யார் சொன்னார்கள்? அவர் பாவம், ஆளில்லாத கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறார். இணையம் நின்றதற்கு இதுதான் காரணம். மோடமும் இல்லை, மின்சாரமும் இல்லை.

'ஆஃப்' செய்தோம். உலாவியைத் திறந்தோம். வந்துவிட்டது! நினைவு அட்டையை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு அப்பா வேலைக்குப் போனார்கள்.

இத்தோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் மாலையில் கணிப்பொறியைத் திறந்தபோது மறுபடியும் இணையம் இல்லை. பிராக்ஸி தானாகவே 'ஆன்' ஆகியிருந்தது. நாங்கள் மடத்துக்கு ஓடினோம். சிஸ்டர் கையெழுத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "தானாக என்று எழுத வேண்டாம் என்றேனே. இன்னும் ஒருவன் உள்ளே இருக்கிறான். நீக்கும் பட்டியலைப் பெயர் வரிசையில் பார்க்காதீர்கள், ஏற்றப்பட்ட தேதி வரிசையில் பாருங்கள்" என்றார்கள்.

பட்டியலின் தலைப்பில் தேதி என்ற இடத்தைத் தொட்டதும் எல்லாம் புரண்டு அடுக்கிக்கொண்டன. உச்சியில், அந்த வியாழக்கிழமைத் தேதியோடு, நல்ல பிள்ளை போன்ற பெயரில் நான்காவது ஒன்று ஒளிந்திருந்தது! முன்பே விண்டோஸோடு வந்தது என்று நினைத்து அதை நாங்கள் தாண்டிப் போயிருந்தோம். அதை நீக்கி, பிராக்ஸியை அணைத்து, டாஸ்க் ஷெட்யூலரில் துப்புரவுக்காரனின் சீட்டைக் கிழித்து, மறுபடி திறந்தோம். கட்டம் வரவில்லை. இணையம் வந்தது. உலாவியின் படத்தில் மட்டும் ஒரு குறும்பு மிச்சம் இருந்தது: அந்த ஷார்ட்கட்டின் முகவரிக்குப் பின்னால் அந்தத் தேடல் பக்கத்தின் பெயரை வால் போல ஒட்டிவைத்திருந்தார்கள். வாலை வெட்டினோம். கடைசியாக விண்டோஸோடு வரும் டிஃபெண்டரைக் கொண்டு முழுச் சோதனை நடத்தினோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இன்னும் இரண்டு மிச்சம் மீதிகளை அது பிடித்துக் கொடுத்தது. ஃபார்மட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒலிப்பதிவு வகையை மாற்றும் வேலை மட்டும் அப்படியே நின்றது.

"எதுக்குட்டி இவ்வளவு பாடு? என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று அன்று இரவு அப்பா கேட்டார்கள். இரகசியத் திட்டத்தைச் சொன்னோம். அப்பா திரையைக் காட்டினார்கள். சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு போல ஒரு படம். அப்பா பழைய சினிமா பார்ப்பது அதில்தான். வி.எல்.சி. என்று பெயர். 1996-இல் பாரிசில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை. இன்றும் விளம்பரமில்லாமல் இலவசம். அதன் பட்டியலில் 'கன்வர்ட்' என்று ஒரு வரி இருக்கிறது. எம்.4.ஏ-வை எம்.பி.3 ஆக்க அது போதும். ஆம், நாங்கள் தேடிப் போனது ஐந்து ஆண்டுகளாக எங்கள் கண் முன்னாலேயே இருந்தது. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஆகவே எங்கள் கிழவனை இனி அதிகக் கவனத்தோடு வைத்திருக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார்கள். அப்பா "பாப்போம்" என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பொருள், இப்போதைக்கு இல்லை என்பது.

நினைவுத் திருப்பலி அன்று வீடு நிறைந்திருந்தது. சித்தப்பாமார், அத்தைமார், அன்பியத்தார் எல்லாரும் வந்திருந்தார்கள். வாசல் பக்கம் நாற்காலியில் கேபிள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சட்டை மாட்டிக்கொண்டு போனது அவரைத் தேடித்தான் என்று எங்களுக்கு அன்றுதான் தெரியும். அப்பா என்ன சொன்னார்கள் என்று தெரியாது. நாங்கள் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கியிருந்தது. காப்பி கொண்டுபோனபோது, "அண்ணா, அன்னைக்கு நாங்கதான் பொய் சொன்னோம்" என்றோம். இருவருக்கும் குரல் வரவில்லை. அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும் பாப்பா. ரெண்டு பேர் முழியும் சரியில்ல" என்றார்.

பிறகு ஒலிபெருக்கிப் பெட்டியில் பென் டிரைவைச் சொருகினோம். பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று ஆச்சியின் குரல் எழுந்ததும் பேச்சு நின்றது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்தார்கள். ஒவ்வொருவராக எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஆச்சி முன்பாதியைச் சொல்ல, வீடு பின்பாதியைச் சொன்னது. மூன்றாம் தேவ இரகசியம் வந்தது. நடுவில் ஆச்சி நிறுத்தி, "ஏட்டி, அடுப்பப் பாரு, பாலு பொங்குது!" என்று அதட்டினார்கள்.

கேபிள் அண்ணன் துள்ளி எழுந்து அடுக்களைப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டார்.